சிவப்பு கூட்டிய சூரியன்

கன்னியாகுமரியில் ஸ்டுடியோ வைத்திருந்த தாணு எடுத்துப் பிரேம் போட்டுக் கொடுத்த சூரிய உதயப் படத்தை, மீன் விற்கும் குளோரி அவன் மேசைமேலேயே வீசினாள்.

“சூரியனுக்குச் சிவப்பு கூட்ட ஒம்மகிட்ட யாரு சொன்னா? போன வாரம் கம்ப்யூட்டர்ல காட்டின படந்தான் எனக்கு வேணும்.”

“அது மங்கலா கெடந்துது. கலர் ஏத்தி, தூசியெல்லாம் தொடச்சு நல்லாக்கித் தந்தா, கொறையா சொல்லுத?”

“பழசத் தாரும். இல்லேன்னா எடத்த விட்டு அசைய மாட்டேன்.”

தாணுவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவள் கண்ணெதிரிலேயே பழைய படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அடியோடு அழித்தான்.

“இனி கேக்க மாட்டியே? எறங்கு கடைய விட்டு!”

குளோரி அசையாமல் திரையையே பார்த்தாள்.

“படத்துல கடல்மேல நீரு தூசின்னு தொடச்சது எனக்க மாப்பிளைக்க வள்ளம். படம் எடுத்த அண்ணைக்குப் போனவரு, இன்னும் கரையேறல்ல.”