பாட்டை நிறுத்திய வாத்தியார்

சங்கீத ஆசிரியை பத்மாசினிக்கு அந்தப் பழைய படம் மனப்பாடம். அதில் வரும் பாட்டு வாத்தியாரைப் பார்த்துத்தான் அவள் சங்கீதமே படிக்கப் போனாள். கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ஜெனரேட்டர் இரைச்சலில் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்காமல் போய்விடுமே என்ற பயத்தோடு, அண்ணன் தில்லைநாதனுடன் அதை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார்.

“பிள்ளையள், ஓடுங்கோ!”

பத்மாசினி துள்ளி எழுந்தாள்.

“அண்ணை, உது படத்திலை இல்லை. எழும்பு!”

“உனக்கென்ன விசரே?”

அவனை இழுத்துக்கொண்டு முற்றத்துப் பங்கர் குழிக்குள் இறங்கினாள். குண்டு பக்கத்து வீட்டு வளவில் விழுந்தது.

புகை அடங்கியபின் இருவரும் உள்ளே வந்தார்கள். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வகுப்பறை முழுக்கத் தூசி. வாத்தியார் ஒவ்வொரு வாங்குப் பலகையின் அடியிலும் குனிந்து பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்.