எடுத்துடுங்க

“அக்கா, பிளாப்பி டிஸ்க் தொல்லை விட்டது. இனிமே பென் டிரைவ்தான்,” என்று பழுது பார்த்த இசைக் கீபோர்டைத் தட்டிக் காட்டினான் மெக்கானிக். “எத்தனை பாட்டு வேணும்னாலும் பதியலாம். அண்ணன் இனி சாப்பிடக்கூட எழுந்திரிக்க மாட்டார், பாருங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “உள்ள சிக்கியிருந்த பிளாப்பி?”

“சிக்கினதை எடுத்துடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பழைய பிளாப்பி டிரைவோட பிடுங்கிக் குப்பையில போட்டுட்டேன். லாரி காலையிலேயே அள்ளிட்டுப் போயிடுச்சு.”

“எடுத்துத் தருவீங்கன்னு நினைச்சேன், தம்பி. அவர் வாசிச்சுப் பதிஞ்சது அது ஒண்ணுதான்.”

“இதுக்குப் போய் முகம் வாடலாமா? அண்ணனையே திரும்ப வாசிக்கச் சொல்லுங்க. அதைவிட நல்லாவே பதியும்.”

அவள் கீபோர்டின் உறையை மெல்ல இழுத்து மூடினாள்.

“இதை நீங்களே வெச்சுக்குங்க. அவர் தவறினதுலேருந்து எங்க வீட்டுல வாசிக்க ஆளில்லை.”