ரெண்டு மடக்குத் தண்ணீர்

கன்னியாகுமரியில் ஒரே ஒரு நாள் தங்கிச் சூரியோதயம் பார்க்கச் சீனியம்மாள் போட்ட திட்டத்தை, அவள் புருஷன் ஐயாதுரை ஒரு மாதமாக நக்கலடித்துக்கொண்டிருந்தான்.

"உப்புத் தண்ணியப் பாக்க வாடகைக் காரு ஒரு கேடாட்டி?"

இந்த மூஞ்சியைக் கண்டால் கடலே உள்வாங்கிவிடும் என்று நினைத்தபடி அவள் புளிச்சோறு கட்டினாள்.

அம்பாசிடர் ராஜபாளையத்தில் அவர்கள் தெருமுனையைத் தாண்டவில்லை. குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி ஐயாதுரை இறங்கினான்.

"கிளம்புன பொறவு வீட்டுக்குத் திரும்புறீக. செத்த உக்காந்து ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சிட்டு வாங்க. இல்லேன்னா போற வழிக்கு ஆகாது."

"போடி, கூறுகெட்டவளே."

உடனே குடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"புளிச்சோறு என்னமா மணக்குது! ரொம்பப் பாடுபட்டிருக்க, சீனி."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத பேச்சு. சீனியம்மாள் பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசற்படியில் ஐயாதுரை உட்கார்ந்திருந்தான். கக்கத்தில் குடை. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அண்ணாந்து செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். பிறகு வாயைத் துடைத்துவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு காரைப் பார்த்து ஓடி வந்தான்.

"போவமா அக்கா?" என்றான் டிரைவர்.

பக்கத்தில் இருந்தவன் அவளைப் பார்த்துப் பதமாகச் சிரித்தான்.

"போங்க தம்பி" என்றாள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.