காற்றில்லாத ஞாயிறு

சின்னவள் சட்டைப்பைக்குள் கைவிட்டாள். விரலில் அந்தக் கார்டு தட்டுப்பட்டது.

தபால்தலை அளவுதான்.

அது கேமராவுக்குள் இருக்க வேண்டிய கார்டு. எடுக்கிற படமெல்லாம் அதில்தான் போய் உட்காரும். நேற்று பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது சாட்சாத் அவளேதான்.

பத்தடி முன்னால் அக்கா கேமராவும் கையுமாகச் சேற்றில் குப்புறப் படுத்திருந்தாள்.

அக்காவுக்கு முன்னால் ஏரி, இஸ்திரி போட்ட துணி மாதிரி சுருக்கமில்லாமல் கிடந்தது. அதில் ஏழு நெடுங்கால் உள்ளான் பறவைகள். குச்சி குச்சியாய்ச் சிவப்புக் கால்கள். ஒவ்வொன்றின் கீழும் தலைகீழாக இன்னொன்று.

இந்தத் தண்ணீருக்காகத்தான் அக்கா வாரக்கணக்கில் தவம் கிடக்கிறாள். முதல் ஞாயிறு காற்று. அடுத்த ஞாயிறு காற்றில்லை, ஆனால் சின்னவள் பேட்டரிக்கு சார்ஜ் போட மறந்திருந்தாள். போன ஞாயிறு எல்லாம் கூடிவந்தது. சின்னவளுக்குத் தும்மலும் வந்தது. பறவைகள் அக்கரைக்குப் போய்விட்டன.

அன்று வழியெல்லாம் அக்காவின் வாய் ஓயவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் முடித்தாள்.

"இன்னொரு தடவை ஏதாச்சும் சொதப்பினே, இந்தக் கேமரா பையை நீ தொடவே கூடாது. வீட்டுலயே கிட."

வாரம் முழுக்க அக்காவின் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படங்களை எட்டெட்டாக வெட்டித் தள்ளுகிறவளுக்கு, மூச்சு விடுகிற நாளே இந்த ஞாயிறுதான். அதுவும் போச்சா?

கூப்பிட்டால் பறவைகள் போய்விடும். கூப்பிடாவிட்டால் படம் போய்விடும்.

டிக்.

அக்கா மெல்லத் தலையைத் திருப்பினாள். ஸ்டுடியோ நாற்காலியில் உட்காருகிறவர்களை அளக்கிற மாதிரி, சின்னவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

சின்னவள் அவசரமாக வானத்தைப் பார்த்தாள். கை மட்டும் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

அக்கா மறுபடி கேமராவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். ஸ்டுடியோவில் ஆட்களை விரட்டுகிற அதே குரல், கிசுகிசுப்பாக.

"ஓரத்து சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேடம், கழுத்தை நிமித்துங்க... ஆங். சிரிக்காதீங்க."

ஆறு வரிசையாக நின்றன. ஏழாவது இன்னொன்றின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, ஓர் உடம்புக்கு இரண்டு தலை முளைத்த மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. அக்கா முழங்கையை ஊன்றி ஒரு சாண் ஊர்ந்தாள். பறவைகள் பார்க்கிற பக்கம் இடம் விட்டாள். விடாவிட்டால் படத்தின் விளிம்பில் மூக்கு இடிக்கும் என்பாள். கீழே இருக்கிற பிம்பங்களின் தலை வெட்டுப்படாமல் கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாள்.

ஏழாவது ஒரு காலைத் தூக்கி வைத்தது. தண்ணீரில் அலை வட்டம் வட்டமாக விரிந்து, அடங்கியது.

மேலே ஏழு. கீழே ஏழு. எதுவும் எதன்மேலும் படவில்லை.

டிக். டிக். டிக்.

ஒவ்வொன்றும் சின்னவளின் உச்சந்தலையில் குட்டு மாதிரி விழுந்தது.

அரைமணி நேரம் இப்படியே போனது. பிறகு யாரும் தும்மாமலே உள்ளான்கள் எழுந்து, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு பறந்தன.

அக்கா எழுந்து வந்தாள். கழுத்திலிருந்து கால்வரை சேறு.

இனிமேலும் தாங்காது. சின்னவள் வாயைத் திறந்தாள். "அக்கா, நான் வந்து..."

"பேட்டரி போச்சுடி. நேத்து நான்தான் சார்ஜ் போடல. ஒரு படம்கூட விழல."

சார்ஜ் போட்டது சின்னவள். பச்சை விளக்கு எரிகிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தவளும் அவள்தான். செத்துப்போன பேட்டரியில் அரைமணி நேரம் டிக் டிக் என்று அடித்த கேமரா உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்காவின் உள்ளங்கை கேமராத் திரையைப் பொத்திக்கொண்டிருந்தது. ஆனால் விரலிடுக்கில் திரை பளிச்சென்று எரிந்தது. சிவப்பு எழுத்தில் மினுக்கியது: கார்டு இல்லை.

சின்னவள் கார்டைச் சட்டைப்பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள்.

அக்கா கேமராவைப் பைக்குள் திணித்து, பையைத் தூக்கிச் சின்னவளின் தோளில் மாட்டினாள்.

"அடுத்த ஞாயிறும் காத்து இருக்காதாம்," என்றாள். "பையை நீயே எடுத்து வை."