விரலுக்குத் திறக்கும் கதவு

"பூட்டு பொய் சொல்லாது, நோலீன்" என்றார் ட்ரெவர்.

"அப்போ நான்தான் பொய் சொல்றேன்னு சொல்றீங்க."

ட்ரெவர், வொரிம்பா ஊர் முன்னாள் படைவீரர் கிளப்பின் தலைவர். நோலீன் அங்கே சமையல்காரி. இருவரும் குளிர் அறைக் கதவின் முன்னால் நின்றிருந்தார்கள். கதவிலிருந்த புதுக் கருவி, யாரையும் நம்பாத மாதிரி சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் கிளப்பில் குலுக்கல் உண்டு. பரிசு, ஒரு பெரிய தட்டு நிறைய இறைச்சி. சாசேஜ், ஆட்டு சாப்ஸ், அழகுக்கு மேலே ஒரு கொத்து பார்ஸ்லி. இரண்டு வெள்ளியாகத் தட்டைக் காணோம். சீட்டு வாங்கியவர்கள் ட்ரெவரின் சட்டையைப் பிடிக்காத குறை.

"இந்தக் கதவு ரெண்டே பேர் விரலுக்குத்தான் திறக்கும். ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு உன்னோடது. நான் எடுக்கல."

"உங்க மாப்பிள்ளை இந்தப் பூட்டை மாட்டுறதுக்கு முன்னாடி வெறும் கொக்கிதானே இருந்துச்சு? அப்போ ஒரு சாசேஜாவது காணாமப் போச்சா?"

"அப்போ யார் எடுத்தாலும் தெரியாது!"

"யார் எடுத்தாங்கன்னுதான் தெரியாது தலைவரே. எடுத்தா குறையுமே, அதுவுமா தெரியாது?"

ட்ரெவருக்கு முகம் சிவந்தது. "இன்னிக்கும் தட்டு காணாமப் போச்சுன்னா, திங்கட்கிழமை நீ வேலைக்கு வரவேண்டாம்."

நோலீன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வயசுல எனக்கு வேற யாரு வேலை குடுப்பா? போலீஸைக் கூப்பிடுங்க. வந்து என் பக்கத்துலயே நிக்கட்டும். என் விரலை அவங்க கையிலேயே குடுத்துடறேன்."

சாயங்காலம் கான்ஸ்டபிள் பிரான்வின் வந்தாள். தட்டு உள்ளே இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, நோலீனோடு கூடத்துக்கு வந்து நின்றுகொண்டாள்.

குளிர் அறைக்குப் போகும் நடையில் வழக்கம்போல கிழவர் கிளாரி, மடியில் போர்வையோடு, தன் மின்வண்டியில் உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு சார்ஜ் ஏற்றும் பிளக் அங்கேதான். போரில் காலில் குண்டு பட்டதிலிருந்து அவருக்கு அந்த மூன்று சக்கரம்தான் எல்லாம்.

"என்ன நோலீன், இன்னிக்கு விலங்கு மாட்டப் போறாங்களாமே?"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு கிளாரி. என் பொழப்புல்ல போகுது."

ஆறு மணி ஆயிற்று. போரில் மாண்டவர்களுக்காக தினமும் எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்கும் நேரம். ஒருமுறை, இந்த மௌனத்தின் நடுவே ஒரு சூதாட்ட யந்திரம் வெற்றிப் பாட்டை அலறவிட்டு, கணவனைப் போரில் பறிகொடுத்த ஒருத்தி அழுதுவிட்டாள். அன்றிலிருந்து ட்ரெவர் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். அன்றும் இறக்கினார். யந்திரம், டிவி, விளக்கு எல்லாம் அடங்கின. அந்த ஊரில் ஜூலை குளிர்காலம்; ஆறு மணிக்கே நல்ல இருட்டு. பிரான்வின் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்தாள். அவள் தோளை ஒட்டி நோலீன். அத்தனை பேரும் நினைவுச் சின்னத்தைப் பார்த்தபடி, மூச்சு விடும் சத்தம்கூட இல்லாமல் நின்றார்கள்.

விளக்கு வந்ததும் ட்ரெவர் குளிர் அறைக்கு ஓடினார். விரலை வைத்தார். கதவு திறந்தது.

தட்டைக் காணோம்.

"இந்தம்மா அசையவே இல்ல. இவங்க தோள் என் மேலதான் இருந்துச்சு" என்றாள் பிரான்வின்.

கைப்பைகள், மேல்கோட்டுகள், வெளியே நின்ற கார்கள், எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒரு சாசேஜ்கூட அகப்படவில்லை. கிளாரி தானாகவே இரண்டு கையையும் தூக்கினார். "என்னையும் தடவிப் பாத்துடு ட்ரெவர். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"ஐயோ, நீங்க வேற! ஊரு என்னைக் காறித் துப்பும்" என்று பதறினார் ட்ரெவர். பிரான்வின் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வெளியே குளிருது தாத்தா, போர்வையை நல்லா இழுத்து மூடிக்குங்க."

"மவராசியா இரு கண்ணு."

வண்டி சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று.

எல்லாரும் போனபின் ட்ரெவர் தொண்டையைச் செருமினார். "தப்பா பேசிட்டேன் நோலீன். மனசுல வெச்சுக்காதே. அடுத்த வாரம் உனக்கு ஒரு குலுக்கல் சீட்டு, கிளப் செலவுல."

"வேண்டாம் தலைவரே. குலுக்கல்ல எனக்கு ஒருநாளும் விழுந்ததில்ல."

"இந்தப் பூட்டைத் தூக்கிடப் போறேன். மாப்பிள்ளைகிட்ட இதைவிட ஒசத்தியா ஒண்ணு இருக்காம். கண்ணைப் பாத்துத்தான் திறக்குமாம்."

"கரண்ட் போச்சுன்னா?"

"எந்தப் பூட்டா இருந்தாலும் கரண்ட் போனா தானா திறந்துக்கணும், உள்ளே மாட்டிக்கிட்டு யாரும் விறைச்சுடக் கூடாதில்ல? அது சட்டம்." மெயின் சுவிட்சின் மேல் சாய்ந்துகொண்டே ட்ரெவர் சிரித்தார். "ஆனா நம்ம ஊர்ல கரண்ட் எங்கே போகுது!"

நோலீன் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் கிளாரியின் வீடு. தோட்டத்துக் கதவில் பூட்டு இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொல்லையில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

வண்டியைச் சுவரோரம் விட்டுவிட்டு, தட்டைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு படியில் துள்ளி இறங்கி வந்த கிளாரி கேட்டார்: "உனக்கு என்ன பங்காளி, சாசேஜா சாப்ஸா?"