நான்கு உறுப்புகளின் பொதுக்காரணி

பிப்ரவரி மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் தெளிந்த வெயில்.

"மையைக் கெடுக்கறது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன் மேடம்," என்றார் பைண்டர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து, அச்சக மேலாளரின் மேசைமீது விரித்தார். மேசைக் கண்ணாடியில் ஏதோ நறநறத்தது. மேலாளர் அதை விரலால் ஒதுக்கிவிட்டுத் தாளை நோக்கினார்.

பெரிய அச்சு இயந்திரத்தின் மைத்தொட்டியில் யாரோ மணலைக் கொட்டுவது ஒரு மாதமாக நடந்துவந்தது. நேற்றோடு நான்கு முறை. நான்கும் மதிய இடைவேளையில், அதை ஓட்டுபவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நிகழ்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

பைண்டருக்கு வயது நாற்பத்தாறு. பாதியில் நின்ற பள்ளிப் படிப்பை மாலை வகுப்பில் தொடர்ந்துவந்தார். இடைவேளையிலும் வெளியே போகாமல், ஒரு கையில் சாப்பாட்டுக் கரண்டியும் மறு கையில் இயற்கணிதப் புத்தகமுமாக, பைண்டிங் மேசையிலேயே இருப்பார்.

ஐந்து வாரங்களுக்கு முன், பத்துக்கு இரண்டு மதிப்பெண் வாங்கிய அவருடைய தேர்வுத்தாள் அச்சகத்தின் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. வீட்டிலிருந்து அதைச் சுட்டுக்கொண்டு வந்து ஒட்டியவன் அவருடைய மச்சினன். அதே அச்சகத்தில் சிறிய இயந்திரத்தை ஓட்டுபவன்.

6x² + 9x + 12xy என்னும் கோவையிலிருந்து மீப்பெரு பொதுக்காரணியை வெளியே எடுக்க வேண்டும். பைண்டர் 3-ஐ மட்டும் எடுத்து, 3(2x² + 3x + 4xy) என்று எழுதியிருந்தார். 'x எங்கே? அதுவும் எல்லா உறுப்பிலும் இருக்கிறதே?' என்று ஆசிரியை சிவப்பு மையால் கேட்டிருந்தார்.

"என்ன மாமா, எக்ஸ் கிடைச்சுதா?" என்பதே அன்றிலிருந்து மச்சினனின் காலை வணக்கம். "அக்காகிட்டக் கேட்டுப் பாருங்க. சட்டையோட சேத்துத் துவைச்சிருப்பா."

அச்சகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பைண்டரும் சிரித்துவைத்தார், சிரித்தபடியே கறுவிக்கொண்டார். மேற்பார்வையாளர் பதவிக்கு அவர்கள் இருவர் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நாற்காலி மச்சினனுக்குப் போனால், வேலையை விட்டுப் போகும்வரை அந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

"இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் மேலாளர்.

பைண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மதியம் வெளிய போறவங்க வருகை அட்டையை அடிச்சிட்டுத்தான் போவாங்க. அடிக்காதவங்க உள்ளயே இருந்தாங்கன்னு அர்த்தம். அட்டைகளை எடுத்துப் பாத்தேன். நாலு நாள், நாலு உறுப்பு. ஒவ்வொண்ணுலயும் உள்ள இருந்தவங்க பேரு."

தாளில் நான்கு வரிகள் இருந்தன. முதல் நாள்: மச்சினன், பேப்பர் வெட்டுபவர், காவலாளி. இரண்டாம் நாள்: மச்சினன், பிழை திருத்துபவர். மூன்றாம் நாள்: மச்சினன், பேப்பர் வெட்டுபவர். நான்காம் நாளாகிய நேற்று: மச்சினன், காவலாளி. அடியில் அடைப்புக்குறி போட்டு, அதற்கு வெளியே 'மச்சினன்' என்று எழுதி, இரட்டைக் கோடு இழுத்திருந்தார்.

"நாலுலயும் பொதுவா இருக்கிறவன் ஒருத்தன்தான். வெளிய எடுத்துட்டேன்," என்றார் பைண்டர். "சொந்தக்காரன்தான் மேடம், சொல்ல நாக்கு கூசுது. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல."

மேலாளர் தம் பேனாவை எடுத்து, நான்காம் வரியில் மச்சினன் பெயரின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"நேத்து மதியம் அவன் இங்க இல்ல. பழைய மெஷின் ஒண்ணு விலைக்கு வந்திருக்குன்னு, வாசல்ல நின்னவனை நான்தான் என் கார்ல கூட்டிட்டுப் போனேன். அவசரத்துல அட்டையை அடிக்கல."

பைண்டர் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார். "அப்படியா? அது எனக்குத் தெரியாதே மேடம்."

"தெரிஞ்சிருந்தா நேத்து நடந்திருக்காது." மேலாளர் குரலை உயர்த்தவில்லை. "சரி, கணக்கைத் திரும்பப் போடுங்க. நாலு உறுப்புலயும் இப்ப எது பொது?"

பைண்டர் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். கீழிருந்து மேலாகவும் படித்தார். மாலை வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் கைகட்டி நின்றார்.

"எதுவும் பொது இல்லைங்க மேடம்."

மேலாளர் எழுந்துபோய், சுவரிலிருந்த மரச்சட்டத்திலிருந்து ஒரு வருகை அட்டையை உருவினார். அதை மேசைமீது வைத்து, நான்கு தேதிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான்கு நாளும் மதியக் கட்டம் வெறுமையாக இருந்தது. அட்டையின் தலைப்பில் பைண்டரின் கையொப்பம் இருந்தது.

கண்ணாடியின் ஓரத்தில் தாம் ஒதுக்கிவைத்ததை அப்போதுதான் மேலாளர் சுட்டுவிரலில் ஒற்றியெடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான்கைந்து மணல் துகள்கள்.

"இந்தத் தடவையும் எக்ஸை விட்டுட்டீங்களே, பைண்டர்."

அப்போது மணி பதினொன்று இருபத்து மூன்று.