மூழ்கடிக்கச் செய்த கப்பல்

பல்செட்காரர் கப்பலைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஐந்து வார வேலை. இன்று சாயங்காலத்துக்குள் அதை மூழ்கடித்துவிட வேண்டும்.

அழகாக வேறு வந்து தொலைத்திருந்தது.

உடம்பு தெர்மாகோல். மேல்தளத்துப் பலகைகள் ஐஸ் குச்சி. பாய்கள் பழைய சட்டைத் துணி, டீத்தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டது. பல்செட்டுக்கு வைத்திருந்த மெழுகில் கப்பலின் முகப்புக்கு ஒரு மீன்தலைகூடச் செய்திருந்தார். மீனுக்குப் பல்வரிசை மட்டும் அளவுக்கு மீறி ஒழுங்காக அமைந்துவிட்டது. பழகிய கை சும்மா இருக்குமா?

தளம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தார், கட்டத்துக்கு ஒரு பொம்மை நிற்கிற அளவில். கை உள்ளே போக வசதியாகப் பாய்மரங்களைக் கழற்றி மாட்டலாம். அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், இரண்டு காந்தங்கள். கப்பலின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருந்தவை அவைதான். ஓர் இழுப்பு இழுத்தால் கப்பல் இரண்டாகும். விளையாட வருகிற மூவரின் பொம்மைகளும் கடலுக்குள். ஒன்பது வருடக் கதைக்கு முற்றும் போட்டுவிடலாம்.

ஒன்பது வருடமாக ஞாயிறு மத்தியானம் என்றால் இதே மேசைதான். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், ஒரு நாள் பகடைப் பெட்டியும் கையுமாக வந்து நின்றார். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு விளையாடுகிற கதை விளையாட்டாம். விளையாடக் கொள்ளை ஆசை, கதை சொல்லத்தான் ஆளில்லை, மச்சான் நீங்கதான் மனசு வைக்கணும் என்று கெஞ்சினார். கூடவே பக்கத்து வீட்டு பஸ் டிரைவரையும் மாடியில் குடியிருந்த கணக்கு டீச்சரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

பாவம், ஆசைப்படுகிறார்கள் என்று பல்செட்காரர் தலையாட்டினார்.

அந்தப் பாவம்தான் இத்தனை வருடம் இழுத்துவிட்டது. வாரம் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் செய்துவிட்டு, சனிக்கிழமை ஆனால் பூதத்துக்கும் கொள்ளைக்காரனுக்கும் வசனம் யோசிக்க வேண்டும். அவருக்கு அடியோடு சலித்துவிட்டது. ஆனால் போதும் என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று பேரும் மழையோ வெயிலோ ஒரு வாரம் தவறாமல் வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருகிறவர்கள். அவர்கள் ஆசையில் மண்ணைப் போட மனசு வருமா? புயலே சொல்லிவிடட்டும் என்றுதான் இந்தக் கப்பல்.

மூவரும் வந்தார்கள். கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். டீச்சர் ஒரு பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இதை வைத்து இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம் போலிருக்கே என்று மாப்பிள்ளை சொன்னபோது குரல் கம்மியது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார் பல்செட்காரர்.

புயல் வந்தது. அலை பாய்மரத்துக்கு மேலே எழும்புகிறது என்றார். சுக்கான் டிரைவர் கையில் இருந்தது. பகடையும் அவர்தான் உருட்ட வேண்டும். இருபது முகம் உள்ள பகடை. பத்துக்குக் கீழே விழுந்தால் கப்பல் காலி. பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் அடுத்த அலை வரைக்கும் தப்பித்தது. இருபதே விழுந்துவிட்டால் புயல் ஓய்ந்துவிடும், கதை சொல்கிறவரே நினைத்தாலும் கப்பலை ஒன்றும் செய்ய முடியாது. அந்த விளையாட்டில் இருபதுக்கு அப்படி ஒரு மரியாதை.

டிரைவர் உருட்டினார்.

கதைக் குறிப்புகளை மறைக்கப் பல்செட்காரர் தன் முன்னால் ஓர் அட்டையை நிறுத்தி வைத்திருப்பார். அதன் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

இருபது. சந்தேகமே இல்லாமல் இருபது.

ஐந்து வாரப் பாடு வீணாகப் போச்சே என்று மனசுக்குள் நொந்துகொண்டார்.

டிரைவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். அவர்களும் பகடையைப் பார்த்தார்கள். பிறகு டிரைவர் பகடையை மெதுவாக எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"ரெண்டுதாங்க விழுந்துச்சு."

மற்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

பல்செட்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை மட்டும் தானாகப் போய்க் கப்பலை இழுத்தது. டப்பென்று இரண்டாகப் பிரிந்து, பொம்மைகள் மேசைமேல் உருண்டன. எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு, கதை முடிஞ்சது என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், பரீட்சைத்தாள் கட்டில் கடைசித் தாளையும் திருத்தி முடித்த மாதிரி.

டீ போடுகிறேன் என்று சாக்குச் சொல்லிவிட்டுப் பல்செட்காரர் சமையலறைக்குள் நுழைந்தார். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. பிடிக்காமல்தான் வந்துகொண்டிருந்தார்களா? அப்படியானால் எதற்காக இத்தனை வருடம்?

பாலை அடுப்பில் வைக்கும்போது, கூடத்தில் மாப்பிள்ளை தாழ்ந்த குரலில் வீட்டுக்குப் போன் பேசுவது கேட்டது.

"உங்க அண்ணனே முடிச்சிட்டாரு... இல்லம்மா, நல்லாத்தான் இருக்காரு, டீ போடப் போயிருக்காரு... பின்ன என்ன, அண்ணி தவறுனப்ப மனுஷன் சோறுகூடத் திங்காம சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு, எதையாச்சும் சாக்கு வச்சு ஒரு மூணு மாசம் கூடப் போயி உக்காருங்கன்னு நீதானே சொன்ன. அப்புறம் எப்படி நிறுத்துறதுன்னு எங்க மூணு பேருக்குமே தெரியல."